தள்ள முடியாத வண்டி

என் அண்ணியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று என்னிடம் வந்து கேட்பவருக்கு விவரம் பத்தாது என்றுதான் அர்த்தம். நாத்தனாரிடம் கேட்கிற கேள்வியா இது. ஆனாலும் சொல்லத்தான் போகிறேன். அந்த டாக்சி ஸ்டாண்டில் நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தது நான் ஒருத்திதான். மற்றவர்கள் சொல்வதில் பாதி புளுகு, மீதி தாங்களே செய்ததாகச் சொல்லிக்கொள்வது.

ரயில் நிலையத்துக்கு எதிரே ஸ்டாண்ட். ஸ்டாண்டுக்கு எதிரே என் சாவிக் கடை. கடை என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி, சாவி வெட்டுகிற மிஷின், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் வெறும் சாவிகள், அப்புறம் நான். அசலை ஒரு பக்கம் இறுக்கி, வெறும் சாவியை மறுபக்கம் இறுக்கி, பல்லுக்குப் பல் வெட்டிக் கொடுப்பேன். பல்லைப் பற்றி எனக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை. ஒரு பல் மயிரிழை பிசகினாலும் கதவு திறக்காது.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தபோது துணி ஆலையில் தையல் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தாள். வந்த புதிதிலேயே சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டாள். கேட்டால், "நல்லாத்தான் ஓடுது, எப்படி ஓடுதுன்னு பாக்கறேன்" என்றாள். என் சாவி மிஷினையும் ஒருநாள் நான் சாப்பிடப் போன சமயம் திறந்துவிட்டாள். அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் ரயிலுக்குப் போகிறவர்கள்கூட நின்று பார்த்தார்கள். அவள் மட்டும் கையில் ஒரு திருகோடு, "இந்தத் திருகு எதுக்கு இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஸ்டாண்டில் அண்ணன் டாக்சி ஓட்டினான். அவனுக்கு முன்னால் அப்பா ஓட்டினார். வரிசையில் எங்கள் வீட்டுக்கு ஓர் இடம் உண்டு என்பது எங்களுக்குக் கூரை மாதிரி. நாள் முழுக்க நெரிசலில் கிளட்ச் மிதித்து மிதித்து அண்ணனின் இடது முட்டி தேய்ந்துபோனது. பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். இனிமேல் அந்தக் காலால் கிளட்சைத் தொடக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆபரேஷன் பண்ணலாம், ஆனால் பழைய மாதிரி ஓட்டுவது கிடையாது. அண்ணன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன்தான், ஸ்டாண்டுப் பக்கமே தலைகாட்டவில்லை.

அண்ணி ஆலை வேலையை விட்டாள். அண்ணன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து திட்டத் திட்டக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். லைசென்ஸ் வாங்கினாள். அவன் இடத்தில் போய் வண்டியை நிறுத்தினாள்.

ஸ்டாண்டுக்குத் தலைவர் என்று யாரும் கிடையாது. ஆனால் ஹாரன்காரர் சொல்வதை எல்லோரும் கேட்பார்கள். அந்தப் பெயர் அவர் தொண்டைக்கு வைத்தது. அவர் வண்டியில் ஹாரன் கெட்டுப்போய் வருஷக்கணக்காயிற்று என்றும், தலையை வெளியே நீட்டிக் கத்துவதே போதும் என்று விட்டுவிட்டார் என்றும் சொல்வார்கள். அவர் அண்ணியை மேலும் கீழும் பார்த்து, "ஓட்டறது உன் பாடு. தள்ளறப்ப தோள் குடுக்கணும்" என்றார்.

இந்தத் தள்ளும் சமாசாரத்தைச் சொல்லிவிடுகிறேன், கதையே அதில்தான் இருக்கிறது. ரயில் வந்ததும் வரிசையின் தலையில் நிற்கிற வண்டிகள் ஆள் ஏற்றிக்கொண்டு போகும். பின்னால் நிற்பவை முன்னுக்கு நகர வேண்டும். ஒரு வண்டி நீளம் நகர்வதற்கு யாராவது இஞ்சினைக் கிளப்புவார்களா. அதனால் எல்லோரும் கியரை நியூட்ரலில் போட்டு, கைப்பிரேக்கை விட்டுவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். தரை சமதளம். இடம் காலியானதும் யார் எழுந்து நிற்கிறார்களோ அவர்கள் வரிசை மொத்தத்தையும் ஒவ்வொன்றாகத் தள்ளிவிடுவார்கள். தன் வண்டி, அடுத்தவன் வண்டி என்கிற பேச்சே கிடையாது. ஒருவன் சாப்பிடப் போயிருப்பான், ஒருவன் தூங்கிக்கொண்டிருப்பான், அவன் வண்டி பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும்.

இன்னொரு சட்டமும் உண்டு. அடுத்தவன் வண்டியைத் தள்ளலாம், அடுத்தவன் சீட்டில் உட்காரக்கூடாது. கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டான், சீட்டைப் பின்னால் நகர்த்திவிட்டான் என்று ஒரு காலத்தில் அடிதடிவரை போயிருக்கிறது. அதிலிருந்து வந்த சட்டம். சண்டை போட்டவர்கள் யார் என்றே இப்போது யாருக்கும் நினைவில்லை, சட்டம் மட்டும் கல்லு மாதிரி நிற்கிறது.

அண்ணி தோள் கொடுத்தாள். சும்மா சொல்லக்கூடாது, முதல் வாரத்திலேயே எல்லோர் வாயும் மூடிக்கொண்டது.

பழைய வண்டி ஒரு நாள் இனி என்னால் ஆகாது என்று நின்றேவிட்டது. ஒரு நிறுவனம் ஓட்டிக் கழித்த வெள்ளை ஹைபிரிட் காரை அண்ணி வாங்கிவந்தாள். பெட்ரோல் இஞ்சினும் உண்டு, கரண்ட் மோட்டாரும் உண்டு, கிளட்ச் கிடையாது. நேரே என் கடை முன்னால் நிறுத்தி இறங்கி, கூழாங்கல் மாதிரி ஒரு கறுப்புத் துண்டைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தாள்.

"இதுக்கு மறுசாவி போடு பாக்கலாம்."

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பல்கூட வெளியே இல்லை. "என் பொழப்புல மண்ணைப் போடறதுக்குன்னே வாங்கிட்டு வந்தீங்களா அண்ணி?" என்றேன். அவள் சிரித்தாள். அண்ணன் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். ஸ்டாண்டுக்கு எதிர்ப்பக்கம்தானே என்று சமாதானம் சொல்லிக் கூட்டிவந்திருக்கிறாள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

அவள் பிரேக்கை மிதித்து ஒரு பொத்தானை அமுக்கினாள். எதிரே படம் போட்ட மாதிரி விளக்குகள் வந்தன. அப்புறம் ஒன்றுமில்லை. ஓர் உறுமல், ஓர் உதறல், ஒன்றுமே இல்லை.

"ஸ்டார்ட் ஆகல" என்றான் அண்ணன்.

"ஆயிடுச்சுங்க."

"காது கேக்காதவன்னு நெனச்சியா? ஆகல."

"ரெடின்னு பச்சையா எரியுது பாருங்க. அவ்வளவுதான். எங்க ஆலையில பழைய மிஷின் எல்லாம் தைக்காட்டாலும் உர்ருன்னு ஓடிக்கிட்டே இருக்கும். அப்புறம் புது மிஷின் வந்துச்சு. மிதிக்கற வரைக்கும் பேசாது, மிதிச்சா ஓடும். இதுவும் அந்த ஜாதிதான்."

கியர் என்று அவள் தொட்டது ஒரு சின்னக் குமிழ். பக்கவாட்டில் தள்ளிக் கீழே இழுத்தாள். கையை எடுத்ததும் அது பழைய இடத்துக்கே போய் நின்றுவிட்டது. அண்ணன், "விழல, மறுபடி போடு" என்றான். அவள் பிரேக்கிலிருந்து காலை எடுத்தாள். தெரு நகர ஆரம்பித்தது. சத்தமே இல்லாமல், என் கடை பின்னால் போனது. அண்ணன் இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டான். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வண்டி ஓடுகிறதா, தெரு ஓடுகிறதா என்று தெரியவில்லை. மூலை திரும்பிக் கொஞ்ச தூரம் போனபிறகு எங்கிருந்தோ இஞ்சின் மெல்ல முணுமுணுத்தது. யார் அதைக் கிளப்பியது என்று அண்ணன் கேட்டான். "அதுவேதான்" என்றாள் அண்ணி. அவளுக்கும் எப்படி என்று தெரியவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அப்போதே எனக்குப் பயம், இதையும் கழற்றிப் போட்டுவிடுவாளோ என்று.

அன்று சாயங்காலமே தகராறு தொடங்கியது. அண்ணி வரிசையில் நிறுத்தி, பொத்தானை அமுக்கி அணைத்துவிட்டு, கை கழுவப் போனாள். ரயில் வந்தது. முன்வண்டிகள் போயின. ஹாரன்காரரும் இன்னும் இரண்டு பேரும் வெள்ளை வண்டியின் பின்னால் கைவைத்துத் தள்ளினார்கள். அசையவில்லை. தோளைக் கொடுத்தார்கள். செருப்புதான் வழுக்கியது. அணைத்த மறு நொடி அந்த வண்டி தானாகவே பார்க்கிங்கில் பூட்டிக்கொள்ளும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்.

"சங்கிலி போட்டுக் கட்டிட்டுப் போயிருக்காளா?" என்று ஹாரன்காரர் கேட்டது நிலையத்துக்குள் டிக்கெட் கொடுப்பவருக்கே கேட்டிருக்கும். அண்ணி ஈரக்கையோடு ஓடிவந்து நகர்த்தினாள்.

அடுத்தடுத்த நாளும் இதே கதை. அவள் சாப்பிடப் போனால் வரிசை நின்றது. பின்னால் நிற்பவர்கள் வளைத்துக்கொண்டு போக, முன்னால் யார் பின்னால் யார் என்று வாய்ச்சண்டை. வாரம் பிறந்ததும் ஹாரன்காரர் எழுந்து அவளிடம் வந்தார். அன்றைக்கு அவர் கத்தவில்லை.

"இங்க பாரும்மா. உன் வீட்டுக்காரன் வண்டிய நான் எத்தனையோ தடவ தள்ளியிருக்கேன். என் வண்டிய அவன் தள்ளியிருக்கான். இந்த வண்டி யார் கையும் படாம நிக்குது. யார் கையும் வேண்டாம்னா வரிசையில எதுக்கு நிக்கணும்? வாரக் கடைசிக்குள்ள ஒரு வழி பண்ணு. இல்லாட்டி வெளியில நிறுத்திக்க."

வெளியில் என்றால் ரயில் பயணி யாரும் திரும்பிப் பார்க்காத மூலை. அப்பா நின்ற இடம், அண்ணன் நின்ற இடம், இல்லாமல் போய்விடும். அண்ணி அன்று வீட்டுக்கு வந்து அண்ணனிடம் இதைச் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள். "அவருக்குக் காலும் போச்சு, இடமும் போச்சுன்னு ஆகிடக்கூடாது" என்றாள். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் அவள் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். வண்டியை அணைக்காமல், ரெடி விளக்கு எரிய, நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்கினாள். இஞ்சின் ஓடவில்லை, சத்தமில்லை, செலவில்லை. வெயில் கொளுத்தியதால் ஏசியையும் மெல்ல ஓடவிட்டு ஜன்னலை மூடினாள். ரயில் வந்தது. ஹாரன்காரர் சந்தேகத்தோடு ஒரு விரலை வைத்தார். வண்டி வெண்ணெயில் வைத்த மாதிரி நகர்ந்தது. பெஞ்சில் ஒரே கலகலப்பு. "நல்லா பழக்கிட்டியே" என்றார் அவர். முற்பகல் முழுக்க ஆளாளுக்கு வந்து தள்ளினார்கள். நானும் கடையை விட்டு இறங்கிப் போய் ஒரு தள்ளு தள்ளினேன் என்றால் பாருங்கள்.

இந்தத் தப்பை எங்கள் ஸ்டாண்டுக்காரர்களைத் தவிர உலகத்தில் வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். நியூட்ரலில் நின்றால் அந்த வண்டி தன் பெரிய பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றிக்கொள்ளாது. ஏசி மட்டும் பாட்டுக்கு உறிஞ்சிக்கொண்டே இருக்கும். போதும் போதும் என்று வண்டி எச்சரித்திருக்கிறது, திரையில் எழுதிக் காட்டியிருக்கிறது, கூவியும் இருக்கிறது. மூடிய ஜன்னலுக்குள் கூவினால் யாருக்குக் கேட்கும்.

மத்தியானம் பெரிய ரயில் வந்த நேரம். கூட்டம் படியிறங்கிக்கொண்டிருந்தது. அண்ணி ஏறி உட்கார்ந்தாள். திரையில் சிவப்பாக என்னென்னவோ எரிந்தது. பதற்றத்தில் பொத்தானை அமுக்கி அணைத்தாள். வண்டி வழக்கம்போலப் பூட்டிக்கொண்டது. மறுபடி அமுக்கினாள். ரெடி வரவில்லை. வரிசைக்கு நடுவில், பின்னால் அத்தனை வண்டியையும் மறித்துக்கொண்டு, அது கல்லாக நின்றது. பயணிகள் பெட்டியோடு பஸ்ஸைப் பார்த்துப் போனார்கள். அண்ணி முகத்தில் ஈயாடவில்லை.

ஹாரன்காரர் பஸ்ஸுக்குப் போகிறவர்களைப் பார்த்தபடி நின்றார். அவர் கத்தியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஹைபிரிட் வேலை தெரிந்த மெக்கானிக் ஒருத்தருக்கு அண்ணி போன் பண்ணினாள். அவர் போனிலேயே சொன்னார்: பிரேக்கை மிதிக்காமல் பொத்தானை அமுக்குங்க, விளக்கு மட்டும் எரியும், அப்புறம் நியூட்ரல் பக்கம் குமிழைத் தள்ளிப் பிடிச்சுக்கிட்டே இருங்க. பூட்டு விட்டது. ஸ்டாண்டு மொத்தமும் வந்து கைவைத்து அதை ஓரத்துக்குத் தள்ளினார்கள். அப்புறம் லாரி வந்து ஏற்றிக்கொண்டு போனது.

கடையைப் பூட்டிவிட்டு நானும் அவளோடு போனேன். அவளைத் தனியாக விட மனசு வரவில்லை. போகிற வழியெல்லாம் அவளை நன்றாகத் திட்டினேன், அது வேறு விஷயம்.

அந்தப் பட்டறையை நான் மறக்க மாட்டேன். தரை துடைத்து வைத்தது போல இருந்தது. மெக்கானிக், என் வயசுதான் இருப்பார், ஆரஞ்சு நிறத்தில் விரல் மொத்தத்துக்கு இருந்த கேபிள்களைத் தொடும்போது மட்டும் தடித்த கையுறை போட்டுக்கொண்டார். பேட்டரிக்கு ஒரு பெட்டியைப் பொருத்தி, "நல்ல காலம், செத்துடல. மயக்கம்தான். ஏறட்டும்" என்றார்.

"செல்ஃப் மோட்டார் வேற ஏதாவது போட்டு இஞ்சினைக் கிளப்பி விட்ருக்கலாம்ல?" என்று அண்ணி கேட்டாள்.

"இதுல செல்ஃப் மோட்டாரே கிடையாதுங்க."

"அப்ப யாரு ஸ்டார்ட் பண்றது?"

மெக்கானிக் கையுறையைக் கழற்றினார். அப்புறம், "வாங்க" என்று பின்பக்க மேஜைக்குக் கூட்டிப்போனார். அதே மாதிரி வண்டி ஒன்றின் கியர்ப்பெட்டியைப் பிரித்துத் துணிமேல் பரப்பியிருந்தார்.

கியர்ப்பெட்டி என்றால் ஒன்று, இரண்டு, மூன்று, பின்னால் போக ஒன்று என்று ஒரு மூட்டை கியர் இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். அங்கே இருந்தது என் உள்ளங்கையை விரித்தால் மூடிவிடும் அளவுக்கு ஒரே ஒரு வட்டம். நடுவில் ஒரு சின்னப் பல்சக்கரம். அதைச் சுற்றி ஒரே இரும்புச் சட்டத்தில் கோர்த்த குட்டிச் சக்கரங்கள். எல்லாவற்றையும் வெளியிலிருந்து அணைத்துக்கொண்டு, உட்பக்கம் பல் வைத்த ஒரு வளையம். அவ்வளவுதான்.

"நடுவுல இருக்கறது சின்ன மோட்டாரோடது. இந்தச் சட்டம் பெட்ரோல் இஞ்சினோடது. வெளி வளையம் பெரிய மோட்டாரும் டயரும்" என்றார் மெக்கானிக். "இப்ப வண்டி நிக்குது. டயர் நிக்குதுன்னா வளையம் நிக்குது. வளையத்தை அசையாம பிடிங்க."

அண்ணி பிடித்தாள்.

"நடுவுல இருக்கறதைச் சுத்துங்க."

சுற்றினாள். குட்டிச் சக்கரங்கள் உருண்டன. அவை உருள, சட்டம் மெல்லச் சுழன்றது.

"சட்டம் சுத்தினா இஞ்சின் சுத்துது. இதுதான் ஸ்டார்ட். கிளப்பிவிட்ட அதே சின்ன மோட்டார், இஞ்சின் ஓட ஆரம்பிச்சதும் அதுகிட்டயே கரண்ட் வாங்கிக்கும். நீங்க நியூட்ரல்ல போட்டா ரெண்டு மோட்டாரையும் கைகட்டி உக்கார வெச்சிடுது. அப்புறம் எங்கேருந்து ஏறும்?"

"பின்னாடி போறதுக்கு?"

"அதுக்குன்னு தனி கியர் இல்ல. பெரிய மோட்டார் திரும்பிச் சுத்தும், அவ்வளவுதான். உங்க கையில இருக்கற குமிழ் எதையும் இழுக்கறதும் இல்ல, தள்றதும் இல்ல. நீங்க முன்னாடி போகணும்னு கேக்கறீங்க, அது கேட்டுக்குது. பார்க்கிங் மட்டும்தான் நிஜமான கொக்கி. ஒரு குட்டி மோட்டார் கொக்கியைக் கொண்டுபோய்ப் பல்லுல மாட்டும். அதைத்தான் உங்க ஆளுங்க தோளை வெச்சுத் தள்ளியிருக்காங்க."

"வேகம் மாத்தறப்ப எது எதை விட்டுட்டு எதைப் பிடிக்கும்?"

"எதுவும் எதையும் விடாதுங்க. இந்தப் பல்லெல்லாம் ஆலையில மாட்டினதுலேருந்து உடைச்சுப் போடற வரைக்கும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சுக்கிட்டேதான் இருக்கும். ஒருத்தர் நின்னா இன்னொருத்தர் சுத்துவாங்க. ஒருத்தர் மெதுவானா இன்னொருத்தர் வேகமாவாங்க. கணக்கு எப்பவும் சரியா இருக்கும்."

அண்ணி மறுபடி மறுபடி சுற்றினாள். வளையத்தைப் பிடித்து நடுவைச் சுற்றினாள். நடுவைப் பிடித்து வளையத்தைச் சுற்றினாள். சட்டத்தைப் பிடித்தாள், நடு ஒரு பக்கம் போக வளையம் எதிர்ப்பக்கம் போனது. ஒரு சத்தம் இல்லை. நான் குனிந்து பல்லைப் பார்த்தேன். ஆயிரக்கணக்கில் பல் வெட்டியவள் நான். இப்படி ஒரு பல்லை நான் பார்த்ததில்லை. சாய்வாக, நூல் பிடித்த மாதிரி, ஒன்றுக்குள் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நழுவி ஏறியது. இந்தக் கையகல வட்டத்துக்குள் கிளட்ச் இல்லை, செல்ஃப் இல்லை, பின்கியர் இல்லை, ஆனால் எல்லாமே இருந்தது. இதை முதலில் மனசுக்குள் பார்த்த ஆள் எப்படி அன்றைக்கு ராத்திரி தூங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. என் வாயே அடைத்துப்போனது. அண்ணி திரும்பிப் பார்த்து, "என்ன, சத்தத்தையே காணோம்?" என்றாள். அவள் கண்ணெல்லாம் நிறைந்திருந்தது. துக்கமில்லை. பெரிய மலை முன்னால் நின்றால் சிலருக்கு வருமே, அது.

வண்டி எழுந்துகொண்டது. அதிலேயே திரும்பினோம். ஊருக்குள் நுழைந்தபிறகு, "அந்த வண்டிக்குக் கை வேண்டாம்னு யாரு சொன்னது? தள்ற கைதான் வேண்டாம்" என்றாள். எனக்கு அப்போது புரியவில்லை.

மறுநாள் அவள் வரிசையில் நிறுத்தி அணைத்துவிட்டு, நேரே பெஞ்சுக்குப் போய் அந்தக் கறுப்புக் கூழாங்கல்லை ஹாரன்காரர் கையில் வைத்தாள்.

"அண்ணே, நீங்களே நகர்த்துங்க."

பெஞ்சு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. "அடுத்தவங்க சீட்டுல நான் உக்கார்றதா?" என்றார் அவர்.

"நான்தானே உக்காருங்கன்னு சொல்றேன். கண்ணாடியைத் திருப்பிக்குங்க, சீட்டைத் தள்ளிக்குங்க. நான் சண்டைக்கு வரமாட்டேன். தள்றதுக்குத் தோள் குடுத்தீங்க, இதுக்கு ஒரு கால் குடுங்க."

"எனக்கு இந்த மாயமெல்லாம் வராது."

"தொண்டையாலேயே ஹாரன் அடிக்கறீங்க, இது வராதா?"

எல்லோரும் சிரித்ததில் அவருக்கு எழுந்திருக்க வேண்டியதாயிற்று. சட்டத்தை மீறப் போகிறவர் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பிரேக்கை மிதித்து அமுக்கினார். "ஓடலையே" என்றார்.

"ஓடுது அண்ணே. பச்சை பாருங்க. குமிழை இந்தப் பக்கம் தள்ளிக் கீழ இழுங்க, விட்ருங்க. இப்ப காலை மெதுவா எடுங்க."

வண்டி நகர்ந்தது. உடனே அவர் இடது கால் பழக்கதோஷத்தில் கிளட்சைத் தேடிப் பாய்ந்தது. அங்கே இருந்தது அகலமான பிரேக். இரண்டு காலும் சேர்ந்து அதில் விழ, வண்டி தலைகுனிந்து நின்றது, அவர் நெற்றி கண்ணாடிக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நின்றது. பெஞ்சில் ஒருவன் சிரித்துச் சிரித்துக் கீழேயே விழுந்துவிட்டான். ஹாரன்காரர் சிரிக்கவில்லை. இடது காலை மடக்கி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். மறுபடி காலை எடுத்தார். சத்தமில்லாமல் ஒரு வண்டி நீளம் போய் நின்றார். கொஞ்ச நேரம் இறங்கவே இல்லை. இறங்கியவர் பின்னால் போய், தான் தோள் வைத்த இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"உள்ள என்னதான் இருக்கு?" என்று கேட்டார். இவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அண்ணி பட்டறையில் பார்த்ததை மூன்று தம்ளர் மூடிகளை வைத்துச் சொன்னாள். மூடிக்குப் பல் இல்லையே என்று நான்தான் அவசரமாக என் மிஷினிலிருந்து கழற்றிப்போட்ட மூன்று பழைய பல்சக்கரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அன்றிலிருந்து அந்தக் கூழாங்கல் என் கடையில், வெறும் சாவிகளுக்கு நடுவே ஓர் ஆணியில் தொங்குகிறது. வரிசை நகரும்போது அண்ணி இல்லாவிட்டால் யாராவது தெருவைக் கடந்து வருவார்கள், எடுப்பார்கள், நகர்த்துவார்கள், கொண்டுவந்து மாட்டுவார்கள். மாட்டாமல் பையில் போட்டுக்கொண்டு போனவனை நான் சும்மா விட்டதில்லை. போகப் போக என்ன ஆயிற்று என்றால், முறை போட்டுக்கொள்ள ஆரம்பித்தார்கள். ஒரு வண்டி நீளம் சத்தமில்லாமல் நகர்வதற்கு அத்தனை பேருக்கும் ஆசை.

அண்ணன் மட்டும் வரவில்லை. ஆபரேஷன் ஆயிற்று. கட்டுப் பிரித்தார்கள். ஊன்றுகோலோடு நடக்கலாம், கிளட்ச் இல்லாத வண்டியென்றால் ஓட்டவும் ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன அன்று காலையில், அண்ணி வண்டியை வரிசையில் விட்டுவிட்டு, ஸ்டாண்டுக்காரர் ஒருத்தர் வண்டியில் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தாள். அங்கே நேரமாகிவிட்டது. வரிசையின் தலைக்கு வந்த வண்டிக்கு ஆள் இல்லையென்றால் அது கடைசிக்குப் போக வேண்டும். அதுவும் சட்டம்தான்.

திரும்பி வந்தார்கள். வெள்ளை வண்டி வரிசையின் தலையில் நின்றது. ஹாரன்காரர் அதன்மேல் சாய்ந்து நின்று, பின்னால் வருகிறவர்களையெல்லாம் வளைத்துப் போ, வளைத்துப் போ என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அண்ணன் இறங்குவதைப் பார்த்ததும் பெஞ்சு எழுந்தது. யாரும் நலம் விசாரிக்கவில்லை. ஹாரன்காரர் என் கடையைப் பார்த்து, "சாவி" என்றார். நான் கூழாங்கல்லை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் அதை வாங்கி அண்ணன் கையில் வைத்தார்.

"எனக்கு வேண்டாம்ப்பா. கால் பத்தாது" என்றான் அண்ணன்.

"வலது கால் நல்லாத்தானே இருக்கு? இதுக்கு அது போதும். இடது காலை மடக்கி வெச்சுக்க. நான் படாத பாடு பட்டுக் கத்துக்கிட்டேன்."

அண்ணி ஓட்டுநர் கதவைத் திறந்துவைத்து, ஊன்றுகோலை வாங்கிக்கொண்டாள். அவன் உட்கார்ந்தான். கண்ணாடியைத் திருப்பவில்லை, சீட்டை நகர்த்தவில்லை. பிரேக்கை மிதித்துப் பொத்தானை அமுக்கினான். காதைச் சாய்த்துக் கேட்டான்.

"ஓடுதா?" என்று அண்ணியைக் கேட்டான்.

"ஓடுதுங்க."

அவன் காலை எடுத்தான். வண்டி மெல்ல நகர்ந்தது. அதற்கு யார் உதவியும் தேவையில்லை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஹாரன்காரர் பின்னால் போய் இரண்டு கையையும் அதன்மேல் வைத்தார். பக்கத்தில் இன்னொருவர் வைத்தார். அப்புறம் ஸ்டாண்டு மொத்தமும் கைவைத்து, தானாகப் போகிற அந்த வண்டியை முன்னால் தள்ளிக்கொண்டு நடந்தது. நானும் வைத்தேன்.